சுசுகி என்னும் குடிப்பெயரும் அதன் பரவலும்

ஒரே குடிப்பெயரைத் தாங்கிய மக்கள் ஒரு நாட்டிற் பல இலட்சவர் வாழ்வாராயின், அவரெல்லாரும் ஒரே முன்னோன் வழிவந்தவர் என்று கருதுதல் எளிது. பெயராராய்ச்சியிற் புகுவோர் பலரும் இக்கருத்தைத் துணையாகக் கொண்டே புகுகின்றனர். பெயரின் பரவலைக் கொண்டு குருதியின் பரவலை அளக்கலாம் என்பது அவர்தம் துணிபு. ஜப்பானிய நாட்டில் வழங்கும் சுசுகி என்னும் குடிப்பெயரின் வரலாறு இத்துணிபினை எத்துணைத் தொலைவு தாங்கும் என்பதையே ஈண்டு நாம் காணப் புகுகின்றோம்.

இப்பெயர் நம் நாட்டாருக்குப் புதியதன்று. 1983ஆம் ஆண்டு இறுதியில் வடநாட்டிலுள்ள குர்கான் தொழிற்சாலையிலிருந்து மாருதி ஊர்தி வெளிவந்த நாள் தொட்டு, இது நம் தெருக்களிற் பழகிய சொல்லாயிற்று. ஆயின் பொறிகளோடு பிணைந்து நாம் கேட்கும் இச்சொல் நெல்வயலிலே பிறந்தது என்பதும், திருத்தலப் பயணத்தோடு வளர்ந்தது என்பதும் நம்மிற் சிலரே அறிந்தவை.

இன்று ஜப்பானில் சுசுகி என்னும் பெயருடையோர் ஏறத்தாழ 18 இலட்சவர். சாத்தோ என்னும் பெயர் இதனினும் சிறிதே மிகுந்து முதலிடத்தில் நிற்க, இது இரண்டாம் இடத்தில் உள்ளது. தகாஹாஷி, தனாகா என்பன அடுத்து வருவன. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினும் நாட்டு மக்கட்டொகையில் இது நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவே. அண்டை நாடாகிய தென்கொரியாவில் கிம் என்னும் ஒரு பெயரே ஐவருள் ஒருவருக்கு உரியதாக இருத்தலை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. அங்கே தொன்றுதொட்டு வழங்கும் குடிப்பெயர்கள் சில நூறே. ஜப்பானிலோ அவை ஓரிலட்சத்திற்கு மேற்பட்டன. இத்தகைய பெயர்ப் பெருக்கமுடைய நாட்டில் ஒரு பெயர் பதினெட்டு இலட்சவரைப் பற்றி நிற்பதாயின், அதற்குத் தனிக்காரணங்கள் இருத்தல் வேண்டும்.

ஜப்பானியக் குடிப்பெயர்களுட் பெரும்பாலன இடங் குறித்தவை. தனாகா என்பது வயலின் நடுவிடம். யமமோத்தோ என்பது மலையடி. ஊர்ப்பெயரும் நிலத்தோற்றமும் அங்கு வாழ்ந்தார்க்குப் பெயராயின. இவ்வாறு எழுந்த பெயர்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றிப் பலவிடத்தும் தனித்தனியே தோன்றக்கூடியவை என்பது வெளிப்படை. வயலில்லாத ஊர் ஏது? மலையடி இல்லாத நாடு ஏது? ஆதலின் தனாகா என்பார் பலராயிருத்தலைக் கண்டு எவரும் வியப்பதில்லை. சாத்தோ என்பதன் வரலாறு வேறு. அதன் பின்னுறுப்பு புஜிவாரா என்னும் பெருங்குடியின் முதலெழுத்தைச் சீன ஒலிப்பிற் படித்ததனால் வந்தது. அக்குடியோடு உறவு கொண்டாடிய படைத்தலைவர்கள் வழியே அது வடகிழக்கிற் பரவிற்று. சுசுகி இவ்விருவகையுள் ஒன்றிலும் முற்றும் அடங்காதது. அதனாலேயே அதனைத் தனியே எடுத்து ஆராய்கின்றோம்.

இப்பெயரை எழுதப் பயன்படும் சீனவெழுத்துகள் இரண்டு. முன்னது சுசு என ஒலிப்பது, மணி என்னும் பொருளது. பின்னது கி என ஒலிப்பது, மரம் என்னும் பொருளது. இவ்வெழுத்துகளை நோக்கி மணிமரம் என்று பொருளுரைப்பாரும் உளர். கோயில் மரத்திற் கட்டிய மணியோடு பெயரை இயைத்துக் கதை புனைந்தாரும் உளர். இது பொருந்தாது. ஜப்பானியர் தம் பழஞ்சொற்களை எழுதுங்காற் பலவிடங்களில் ஒலியொன்றே கருதி, பொருளை நோக்காது, சீனவெழுத்துகளை இரவல் கொண்டனர். அவ்வாறு கொண்ட எழுத்து சொல்லுக்கு உடையாகுமே அன்றி உடலாகாது. சுசுகி என்னும் இதே ஒலியுடைய குடிப்பெயரை வேறு எழுத்துகளால் எழுதும் குடும்பங்களும் அந்நாட்டில் உண்டு. கடல்மீன் ஒன்றின் பெயரும் சுசுகியே. அம்மீனைக் குறிக்கும் ஒற்றையெழுத்தால் தம் பெயரை எழுதுவாரும் இருக்கின்றனர். எழுத்தைக் கொண்டு பொருள் காண முற்படின் ஒரு சாரார் மரத்தின் வழியினராகவும் ஒரு சாரார் மீனின் வழியினராகவும் முடிதல் வேண்டும்!

சொல்லின் உண்மைப்பொருளை நாடுவோர் ஜப்பானின் நடுத்தீவில் தெற்கு நோக்கிக் கடலுள் நீண்டு கிடக்கும் கீ தீபகற்பத்திற்குச் செல்லல் வேண்டும். இன்றைய வகாயாமா மாவட்டத்தின் பெரும்பகுதி இதுவே. அதன் தென்கோடியிலுள்ள மலைநாடு குமானோ எனப்படும். அறுவடை முடிந்தபின் நெற்கதிர்க் கட்டுகளை உலர்த்தும்பொருட்டு, வயலிலே ஒரு கழியை நட்டு அதனைச் சுற்றி அடுக்கிவைத்தல் அந்நாட்டு உழவர் வழக்கம். நாம் போர் என்று சொல்லும் அவ்வடுக்கிற்கு அப்பகுதியார் வழங்கிய பெயரே சுசுகி. நடுவிலுள்ள கழியின் வழியே நெல்லின் தெய்வம் வயலில் இறங்கி அடுத்த ஆண்டு விதைக்கு உயிர் தரும் என்பது அவர்தம் நம்பிக்கை. எனவே போர் என்பது உழவனுக்கு உணவுக் குவியல் மட்டுமன்று. தெய்வம் வந்து தங்கும் இடமுமாம். உரப்பி ஒலித்தும் மெலித்து ஒலித்தும் இச்சொல் இருவகையாக வழங்கும். தமிழெழுத்தில் அவ்வேறுபாட்டைக் காட்டுதல் அரிது. நாம் ஒரே வடிவமாக எழுதிச் செல்கின்றோம்.

இப்பொருளுக்குத் துணைநிற்கும் சான்று மற்றொரு பெயரில் உள்ளது. சுசுகிக் குடியினர் தம்மைப் பழைய ஹோசுமி குலத்தவர் என்பர். ஹோ என்பது கதிர். சுமி என்பது குவித்தல். கதிர்க்குவியல் என்னும் ஒரு பொருளையே இலக்கிய வழக்கில் ஹோசுமி என்றும் வட்டார வழக்கில் சுசுகி என்றும் வழங்கினர் எனக் கொள்வது பொருத்தமுடையது. மணிமரம் என்று கொள்வார்க்கு இவ்விரு பெயரின் உறவை விளக்க வழியில்லை. பெயரொன்றன் பொருளை ஆராயுங்கால் அதன் எழுத்துருவினும் அதனோடு இணைந்து வழங்கும் பெயர்கள் வலிய சான்றாதலை இதனால் அறியலாம்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு (1919–2008) தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் உறவுண்டு என்னும் கொள்கையைப் பல்லாண்டு வலியுறுத்தினார். நெற்பயிர் பற்றிய சொற்களை அதற்குச் சிறப்பான சான்றுகளாகக் காட்டினார். மொழிநூலார் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்றிலர். நெல்லோடு தொடர்புடைய பெயராதலின் சுசுகி என்பதற்கும் ஒரு தமிழ்வேர் தேடலாம் என்னும் ஆசை நம்மவர்க்கு எழக்கூடும். அவ்வாசைக்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது. ஒரு சிறு வட்டாரத்தின் வழக்குச்சொல்லை, அதன் பழைய வடிவத்தை நிலைநாட்டாது, ஒலியொப்புமை ஒன்றே பற்றிக் கடல் கடந்த மொழியோடு இணைத்தல், மணிமரம் என்று பொருள் கூறியவரின் வழுவை வேறு வகையிற் செய்தலேயாகும்.

பெயரின் பிறப்பிடத்தில் வழங்கும் தொன்மக்கதையும் நெல்லைச் சார்ந்ததே. குமானோத் தெய்வத்தை வழிபட்ட பழங்குடிகள் உயி, சுசுகி, எனோமோத்தோ என மூன்று. தெய்வத்திற்கு நெற்கதிரைப் படைத்த முன்னோன் ஹோசுமி என்னும் பெயர் பெற்றான் என்றும், அவன் வழியினரே சுசுகிக் குடியினர் என்றும் கூறுவர். குலமுறை எழுதினோர் இக்கதையைப் பலவாறாக விரித்துள்ளனர். அவ்விரிவுகளுள் வரலாறு எவ்வளவு என்று அளந்து காண முயல்வதிற் பயனில்லை. நமக்கு வேண்டுவது ஒன்றே: சுசுகி என்பார் தொடக்கத்தில் குமானோக் கோயிற் பணிக்குரிய குடியினராக இருந்தனர் என்பது. ஹெய்யான் காலத்தின் இறுதியில், அஃதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டளவில், அவருள் ஒரு கிளையினர் வடக்கே புஜிஷிரோ என்னும் இடத்திற்குப் பெயர்ந்தனர். இக்காலத்துக் கைனான் நகரில் அடங்கிய அவ்விடமே சுசுகிக் குடியின் தலைநிலையாகப் போற்றப்படுவது.

புஜிஷிரோவின் சிறப்பு அது பயணவழியில் அமைந்தமையால் வந்தது. குமானோவின் மூன்று பெருங்கோயில்களாகிய ஹோங்கு, ஹயதாமா, நாச்சி என்பவற்றை நோக்கித் தலைநகராகிய கியோத்தோவிலிருந்து மக்கள் நடந்து சென்றனர். வழிநெடுகிலும் ஓஜி எனப்படும் சிறுகோயில்கள் இருந்தன. தொண்ணூற்றொன்பது என்பது மரபெண். அவற்றுள் முதன்மை பெற்ற சிலவற்றுள் புஜிஷிரோ ஒன்று. அரசுகட்டில் துறந்த மன்னர்களும் இவ்வழியே சென்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோ-ஷிரகாவா என்னும் துறந்த பேரரசர் தம் வாழ்நாளில் முப்பது முறைக்கு மேல் குமானோ சென்றார் என்பது வரலாறு. இன்றும் கடினமெனக் கருதப்படும் மலைவழியில், அரசரும் ஏவலரும் பல நாள் நடந்து சென்று மீண்டனர் என்றால், அத்தலத்தின் ஈர்ப்பை நாம் உணரலாம். பின்னர்ப் பொதுமக்களும் திரண்டனர். அணிவகுத்த கூட்டத்தை எறும்புகளின் குமானோப் பயணம் என்றே அந்நாட்டார் வழங்கினர். தூயர், தூயரல்லர் என்று பாராமலும், பெண்டிரை விலக்காமலும் அத்தெய்வம் எல்லாரையும் ஏற்கும் என்பது குமானோ நெறியின் தனிச்சிறப்பு. பிற மலைத்தலங்கள் பல பெண்டிர்க்கு வாயில் அடைத்திருந்த காலத்து இஃது எளிய செய்தியன்று.

இவ்வளவு மக்களை ஒரு மலைமூலைக்கு ஈர்த்த அமைப்பு யாது? தலத்திலே பயணிகளுக்கு உறைவிடமும் வழிபாட்டு உதவியும் அளித்த ஓஷி என்பாரும், நாடெங்கும் சென்று அன்பர்களைத் திரட்டி வழிகாட்டி அழைத்துவந்த செந்தாத்து என்பாருமே அவ்வமைப்பின் இரு தூண்கள். ஒவ்வொரு வழிகாட்டிக்கும் இன்ன ஊரார், இன்ன குடியினர் என்று உரிமைப்பட்ட அன்பர் கூட்டம் இருந்தது. அவ்வுரிமை விற்கவும் வாங்கவும் பட்டது. குமானோப் பெண்துறவியர் படத்திரைகளை விரித்துக் காட்டி நரகமும் வீடுபேறும் விளக்கி ஊர்தோறும் திரிந்தனர். காக்கை உருக்களால் எழுத்தமைந்த குமானோத் திருச்சீட்டின் பின்புறத்திலே படைத்தலைவரும் தம் ஆணைமொழிகளை எழுதிக் கொடுத்தனர். சூளுறவு பிழைத்தவனைத் தெய்வம் ஒறுக்கும் என்பது அச்சம். இவ்வாறு சென்றவர்கள் பலவிடத்தும் குமானோத் தெய்வத்திற்குக் கிளைக்கோயில் எடுத்தனர். அவை நாடு முழுதும் மூவாயிரத்திற்கு மேற்பட்டன எனக் கூறப்படும். அக்கோயில்களைப் பேணியோருள் சுசுகி என்னும் பெயர் தாங்கியோர் பலர்.

அவர் சென்ற திசையும் நோக்கற்பாலது. கீ தீபகற்பத்தின் கரையைத் தழுவிக் கிழக்கு நோக்கி ஓடும் குரோஷியோ என்னும் வெந்நீரோட்டம் கலங்களை இயல்பாகவே தோக்கைக் கரைக்கும் அதற்கப்பால் கன்தோ சமவெளியின் கரைக்கும் கொண்டு செல்லும். குமானோ மக்கள் கடலோடிகள். அவர்தம் கோயில்கள் கிழக்குக் கரையிற் செறிந்திருப்பதும், சுசுகி என்னும் பெயர் அதே கரையிற் செறிந்திருப்பதும் தற்செயலாகா.

கோயிற்பணி ஒரு வழியாயின், போர் மற்றொரு வழி. புஜிஷிரோவைச் சேர்ந்த சுசுகி ஷிகெஇயே என்னும் வீரன் மினமோத்தோ யோஷித்சுனேயைப் பின்பற்றிச் சென்று, 1189இல் வடகோடியிலுள்ள கொரோமோகாவாவில் தலைவனோடு மாண்டான் என்பர். தமையனால் வேட்டையாடப்பட்ட யோஷித்சுனேயின் கதை ஜப்பானியர் நெஞ்சை உருக்குவது. ஆகலின் அவனோடு மாண்டவர் பெயர்கள் நாடறிந்தனவாயின. ஷிகெஇயேயைக் காண வடக்கு நோக்கிச் சென்ற உறவினர் ஒருவர் காலில் நோயுற்று மிகாவா நாட்டில் தங்கிவிட்டார் என்றும், அவர் வழியினரே மிகாவாச் சுசுகிகள் என்றும் அங்கு வழங்கும் குலவரலாறு கூறும். நடக்கவியலாத ஒருவரின் காலைப் பெருங்குடி ஒன்றன் தோற்றத்திற்குக் காரணமாக்கும் இக்கதை இனிமையுடையது, ஆயின் சான்றாவணமுடையதன்று. மிகாவாவில் சுசுகிப் பெயருடைய படைக்குடிகள் நிலைபெற்றிருந்தன என்பது மட்டும் உறுதி.

அம்மிகாவாவே தொக்குகாவா இயெயாசுவின் தாயகமும் ஆகும். 1590இல் இயெயாசு கன்தோவிற்குப் பெயர்ந்து எதோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டபோது, அவருடைய மிகாவா வீரரும் குடும்பத்தோடு உடன்பெயர்ந்தனர். அவருள்ளும் சுசுகிகள் இருந்தனர். இன்று தோக்கியோ என வழங்கும் அந்நகரில் இப்பெயர் முன்னிற்பதற்கு இஃதொரு காரணம். செகிகஹாராப் போரில் (1600) தொக்குகாவாப் படையில் நின்று, பின்னர் 1620இல் வாளைத் துறந்து துறவியாகி, உழவும் வாணிகமும் ஆகிய அவரவர் தொழிலே புத்தநெறி என்று அறிவுறுத்திய சுசுகி ஷோசான் (1579–1655) மிகாவாக் கிளையினரே. இதற்கு மாறாகக் கீ நாட்டிலேயே தங்கிய சாய்காக் கூட்டத்தாரின் தலைவன் சுசுகி மாகோஇச்சி, துப்பாக்கிப் படையோடு ஓசாகாவின் ஹோங்கான்ஜி மடத்தாருக்குத் துணைநின்று, ஓதா நோபுனாகாவைப் பத்தாண்டுப் போரில் (1570–1580) எதிர்த்தான். ஒரே பெயர், ஒரு நூற்றாண்டிற்குள், எதிரெதிர் அணிகளில் நிற்கக் காண்கின்றோம்.

இதுகாறும் கூறியவை கோயிலாரையும் வீரரையும் பற்றியன. ஆயின் பதினெட்டு இலட்சவரின் முன்னோர் அனைவரும் இவ்விரு வகுப்பினர் ஆகார். பெரும்பாலோர் உழவராகவே இருந்திருத்தல் வேண்டும். உழவர் இப்பெயரை எவ்வாறு பெற்றனர்? பாடநூல்கள் தரும் விடை எளியது: எதோ காலத்தில் (1603–1868) பொதுமக்களுக்குக் குடிப்பெயரே இல்லை, மெய்ஜி அரசு பெயர்கொள்ளப் பணித்தபோது அவர்கள் கண்ட பெயரை எடுத்துக்கொண்டனர். இவ்விடையை அப்படியே ஏற்றல் இயலாது. 1801இல் ஷோகுன் அரசு பிறப்பித்த தடையாணை, வீரரல்லாதார் குடிப்பெயரை வெளிப்பட வழங்குதலையும் வாள் பூணுதலையும் விலக்கிற்று. வழங்குவார் பலர் இருந்தாலன்றி விலக்குவது எதனை? கல்லறைக் கல்வெட்டுகளிலும் கோயில் நன்கொடைப் பட்டியல்களிலும் உழவர்கள் தம் குடிப்பெயர்களைப் பொறித்திருத்தலை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1950களில் வரலாற்றறிஞர் ஹோரா தொமியோ இச்சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்து பழைய கருத்தை அசைத்தார். அரசின் ஏட்டில் இல்லாத பெயர் ஊரின் நினைவில் இருந்தது என்பதே உண்மை. அப்பெயர்கள் தலைவனிடமிருந்தோ, தாம் வழிபட்ட கோயிலிலிருந்தோ, தாம் பிரிந்துவந்த மூத்த வீட்டிலிருந்தோ வந்திருக்கலாம். குமானோக் கோயிலைச் சூழ்ந்த சிற்றூரார் அக்கோயிற்குடியின் பெயரை மேற்கொள்வது இயல்பன்றோ?

மெய்ஜி அரசின் ஆணை, பழைய சந்திர நாட்காட்டியின்படி 1870ஆம் ஆண்டு ஒன்பதாம் திங்கள் 19ஆம் நாள் பிறந்தது. பொதுமக்களும் குடிப்பெயர் வழங்கலாம் என்பது அதன் சாரம். வியப்பென்னவெனின், மக்கள் விரைந்து முன்வந்திலர். புதிய அரசு வரிபோடவே பெயர் கேட்கிறது என்னும் ஐயம் பலர்க்கு இருந்தது. 1871இல் குடும்பப்பதிவுச் சட்டம் வந்தது; மறு ஆண்டு பதிவேடுகள் எழுதப்பட்டன; பதிந்த பெயரை மாற்றுதலும் அவ்வாண்டே விலக்கப்பட்டது. 1873இல் கட்டாயப் படைப்பணி வந்தது. ஆளை அடையாளம் காணாது படை திரட்டல் எங்ஙனம்? படைத்துறை வற்புறுத்த, 1875 பெப்ருவரி 13ஆம் நாள் குடிப்பெயர் கொள்ளுதல் கட்டாயமாக்கப்பட்டது. முன்பு பெயர் வழங்குதல் குற்றம். இப்பொழுது வழங்காமை குற்றம். இம்மாற்றத்திற்கு எழுபத்துநான்கு ஆண்டுகளே ஆயின.

இவ்வாணையின்கீழ் பலர் தம் மறைபெயரை வெளிப்படுத்தினர். பெயரில்லாதார் சிலர் ஊர்த்தலைவனையும் கோயிலாரையும் அணுகினர். ஓர் ஊரார் அனைவரும் ஒரே பெயரை எழுதிக்கொண்ட செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலும் வழங்குகின்றன. ஏற்கெனவே செறிந்திருந்த பெயர் இவ்வகையில் மேலும் செறியும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இன்றைய பரவலை நிலப்படத்தில் வைத்து நோக்குவோமாயின் இவ்வடுக்குகள் புலனாகும். ஷிசுவோகா மாவட்டத்தில் நூற்றுக்கு ஐவர் அளவினர் சுசுகிகள். அங்கு இதுவே முதற்பெயர். அண்டையிலுள்ள ஐச்சியிலும், அஃதாவது பழைய மிகாவாவை உள்ளடக்கிய மாவட்டத்திலும், இதுவே முதல். கன்தோ மாவட்டங்கள் பலவற்றிலும் முதலிரண்டு இடங்களுள் ஒன்று இதற்குரியது. வடகிழக்கிலுள்ள புகுஷிமாவில் சாத்தோவிற்கு அடுத்தது இது. மேற்கே ஓசாகாவிலும் கியோத்தோவிலும் தனாகாவும் யமமோத்தோவும் முந்த, இப்பெயர் பின்தங்குகின்றது; கியூஷுத் தீவில் மிகக் குறைவு. எல்லாவற்றினும் கருதத்தக்கது, பெயரின் தாயகமாகிய வகாயாமாவில் முன்னிற்பது யமமோத்தோ என்பதே. அங்குச் சுசுகி முன்வரிசையில் இல்லை. மிகுதியாக வழங்குமிடமே ஒரு பெயரின் பிறப்பிடம் என்னும் கொள்கையைக் கைக்கொண்டு ஒருவர் இப்பெயரை ஆராய்ந்தால், அவர் ஹமமாத்சு நகரிலே நின்று அதன் மூலத்தைத் தேடி வீணே உழல்வர். விதை ஓரிடம், விளைவு வேறிடம்.

குருதிக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஒருபடி தளர்வதைக் காண அவ்வூரிலேயே சான்றுண்டு. 1887இல் அப்பகுதியிற் பிறந்த சுசுகி மிச்சியோ 1909இல் ஹமமாத்சுவில் தறி செய்யும் தொழிலகம் நிறுவினார். அதுவே பின்னர் ஊர்தித்தொழிலிற் புகுந்து உலகறிந்தது. மிச்சியோவிற்குப் பின் தலைமை ஏற்ற சுன்சோ அவருக்குப் பிறந்த மகனல்லர். மகளை மணந்து மகன்மை கொள்ளப்பட்டவர். இந்திய அரசோடு 1982இல் உடன்படிக்கை செய்தபொழுது அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கிய ஒசாமு (1930–2024) மத்சுதா என்னும் குடியிற் பிறந்தவர். 1958இல் மிச்சியோவின் பெயர்த்தியை மணந்து சுசுகி ஆனார். நம் நாட்டில் இப்பெயரைப் பரப்பியவரே பிறப்பாற் சுசுகி அல்லர் என்பது அறிந்தின்புறத்தக்கது. இதனை விலக்கான நிகழ்ச்சி என்று ஒதுக்கலாகாது. ஆண்மகவில்லாத வீட்டிலும், தகுதியான ஆண்மகவில்லாத வீட்டிலும் மருமகனை மகனாக்கிப் பெயரும் தொழிலும் ஒப்புவித்தல் வணிகர்க்கும் வீரர்க்கும் கைவினைஞர்க்கும் நெடுங்காலப் பொதுவழக்கு. ஜப்பானியக் குடிப்பெயர் குருதியின் பெயரன்று, வீட்டின் பெயர். வீட்டினுள் வந்தவன் அப்பெயர் பெறுவான். வேறு வீட்டிற் புக்கவன் இழப்பான். நம்மவர் இதனை மறந்து, குலம் என்னும் நம் சொல்லின் பொருளை அதன்மேல் ஏற்றிவிடுதல் கூடாது.

வீடு அறுதலும் உண்டு. புஜிஷிரோவின் தலைக்குடி 1942இல் வழியற்றுப் போயிற்று. நாடு முழுதும் பல இலட்சம் சுசுகிகள் வாழ்ந்துகொண்டிருக்க, அவர்க்கெல்லாம் முதல்வீடு என்று போற்றப்பட்ட மனை ஆளின்றிச் சிதைந்தது. பின்னர் உள்ளூராரும் அப்பெயர் தாங்கியோரும் பொருள் திரட்டினர். மனை பழையவாறு புதுக்கப்பெற்று 2023இல் மக்கள் காணத் திறக்கப்பட்டது. அங்கு வரும் சுசுகிகளுட் பெரும்பாலோர் அவ்வீட்டாரோடு குருதித்தொடர்பு காட்டவியலாதவர். அஃது அவர்தம் ஆர்வத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

பெயரின் இன்றைய பெருக்கத்திற்குச் சட்டமும் ஒரு காரணம். இதனைப் பெயராராய்ச்சியாளர் பலர் கருதுவதில்லை. 1876இல் அரசு இட்ட ஆணையின்படி மணமான பெண் தன் பிறந்தகத்துப் பெயரையே வழங்குதல் வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே வீட்டுப்பெயர் தாங்கும் முறை 1898இல் நடைமுறைக்கு வந்த குடிமைச்சட்டத்தால் விதிக்கப்பட்டது. தொன்றுதொட்ட மரபு என்று இன்று பலராற் போற்றப்படும் முறைக்கு அகவை நூற்றிருபதுக்குச் சிறிது மேல், அவ்வளவே. அச்சட்டத்தை வரைந்த மூவருள் ஒருவர் ஹோசுமி நோபுஷிகே (1855–1926). அவர் குடும்பம் முன்னர்ச் சுசுகி என வழங்கிப் பின்னர் ஹோசுமி என்னும் பழம்பெயரை மேற்கொண்டது. கதிர்க்குவியல் என்னும் ஒரு பொருளின் இரு பெயரையும் தன் வரலாற்றிலே தாங்கிய குடும்பம் ஒன்று நாட்டின் பெயர்ச்சட்டத்தோடு தொடர்புற்றது வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று.

உலகப்போரின்பின் 1947இல் திருத்தப்பட்ட சட்டம் வீட்டுத்தலைமை முறையை ஒழித்தது. கணவன் பெயர், மனைவி பெயர் என்னும் இரண்டனுள் எதனையேனும் இணைந்து தேர்ந்துகொள்ளலாம் என்றும், ஆயின் ஒரே பெயராதல் வேண்டும் என்றும் வகுத்தது. எழுத்தளவில் இஃது இருபாலார்க்கும் ஒப்பு. நடைமுறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவிற் பெண்டிரே தம் பெயரை விடுகின்றனர். தம் பெயரால் நூலெழுதியும் தொழில்புரிந்தும் வந்த பெண்டிர்க்கு இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. அவருட் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2015 திசம்பரிலும் 2021 சூனிலும் உச்ச நீதிமன்றம், இவ்விதி அரசியலமைப்பிற்கு முரணன்று என்றும், மாற்றம் வேண்டின் சட்டமன்றமே செய்தல் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

ஒவ்வொரு மணத்திலும் ஒரு பெயர் நிற்க ஒரு பெயர் மறையுமாயின், அருகிய பெயர்கள் அறுதலும் மிக்க பெயர்கள் மிகுதலும் கணக்கின் இயல்பு. தோஹோக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷிதா ஹிரோஷி 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி, இம்முறை மாறாது தொடரின் 2531ஆம் ஆண்டில் ஜப்பானியர் அனைவரும் சாத்தோ என்னும் ஒரே பெயரினர் ஆவர். கணவனும் மனைவியும் விரும்பின் தத்தம் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் திருந்துமாயின், அவ்வாண்டில் சாத்தோ நூற்றுக்கு எண்மர் அளவிலேயே நிற்கும் எனவும் அவர் கணித்தார். ஐந்நூறு ஆண்டுகட்கு அப்பால் நீளும் கணக்கை யாரும் வருவது உரைத்தலாகக் கொள்ளார். அவரும் சட்டத்தின் விளைவைக் காட்டவே அதனைச் செய்தார். அக்கணக்கின்படி, இரண்டாம் இடத்திலுள்ள சுசுகியும் ஒருநாள் சாத்தோவினுள் மறையும்.